தானம் பிறகு, கணக்கு முதலில்: தொண்டைமானாற்றுக் கரை மக்களின் கோரிக்கைச் சாசனம்

செல்வச்சந்நிதி முருகனை நாங்கள் அன்னதானக் கந்தன் என்போம். மடங்களில் அடுப்பு அணையாத ஊர் இது. கோயில் வாசலுக்குப் பசியோடு வந்தவர் பசியோடு திரும்புவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சுற்றுலா விடுதி திறக்கும் நாளன்று பத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப்பையும் கொடுத்து, படம் எடுத்து, அதற்கு ‘நிறுவன சமூகப் பொறுப்பு’ என்று பெயர் வைத்தால் எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. கொடுக்கிறவர்கள் இங்கே ஏராளம். கணக்குக் காட்டுகிறவர்கள்தான் குறைவு. எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், கழிவு எங்கே போனது, கரையில் எவ்வளவு தூரம் வேலி அடைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கொப்பியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இரண்டு வாசல்களுக்கும் கிழக்கே, கைக்கெட்டும் தூரத்தில், ஆறும் கடலும் கோயிலும் ஒன்றாக இருக்கும் இடம் எங்களுடையது. இங்கே காணி பார்க்க ஆட்கள் வருவது இயல்பு. வெளிநாட்டிலிருந்து திரும்பி முதலிடுகிறவர்களில் எங்கள் உறவினர்களும் இருக்கிறார்கள். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றும் வள்ளங்களுக்காக இந்த ஆற்றை வெட்டுவித்தான் என்பது ஊர் வழக்கு. வியாபாரத்துக்காக வெட்டிய ஆறு என்று நாங்களே பெருமை பேசிக்கொண்டு வியாபாரத்தை எதிர்க்க முடியாது. விடுதி வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் வரட்டும். என்ன நிபந்தனையில் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதற் கோரிக்கை தண்ணீர். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் நன்னீர் ஆறு கிடையாது. தொண்டைமானாறும் பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது கடலோடு சேரும் உப்புநீரேரி. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர் நீரின் மேல் ஒரு படையாகத் தங்குகிறது. கிணறுகளில் நாங்கள் அள்ளுவது அந்தப் படையைத்தான். நம்பாதவர்கள் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பார்க்கலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. பலம் கூடிய மோட்டர் பூட்டி ஒரே இடத்தில் இறைத்தால் மேற்படை மெலியும், அடியிலுள்ள உவர் மேலே ஏறும். ஏறிய உவர் அடுத்த மழைக்கு இறங்கிவிடும் என்ற உத்தரவாதம் இல்லை. விடுதிக்காரர் வேறிடத்தில் இன்னொரு குழாய்க்கிணறு தோண்டலாம். பக்கத்து வளவில் வெங்காயம் வைத்தவருக்கு அந்த வசதி கிடையாது.

உப்பு ஏறாமல் தடுக்கவே 1950களின் தொடக்கத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு நன்னீர் ஆறு வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த திட்டமும் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் அதே கனவுதான். அந்தக் கனவு இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மின்சாரத்தைக் கொட்டி உப்பை நீக்கி எடுக்கும் அந்த நீரை நீச்சல் தடாகத்துக்குத் திருப்பிவிட்டு, ஊராரைப் பழைய கிணற்றுக்கே அனுப்பும் நிலை வரக்கூடாது.

ஆகவே ஒவ்வொரு விடுதியும் கிணறு, குழாய்க்கிணறு ஒவ்வொன்றிலும் நீர்மானி பூட்ட வேண்டும். மாதாந்த அளவை வாசலில், தமிழில், தெருவில் போகிறவர் வாசிக்கத்தக்கதாக எழுதிவைக்க வேண்டும். கூரை மழைநீரைச் சேர்க்கும் தொட்டி இல்லாத கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. பவுசரில் வாங்கும் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். “நாங்கள் இங்கே இறைக்கவில்லை, வெளியிலிருந்து வாங்குகிறோம்” என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பவுசர் நிரம்பியது வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு தோட்டக்காரரின் கிணற்றடியில் என்றால், உவர் ஏறும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

அடுத்தது கழிவு. சுண்ணக்கல் முழுதும் புழையும் வெடிப்பும். இங்கே மலசலகூடக் குழியில் விட்டது அங்கே யாருடைய கிணற்றில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது இந்தக் குடாநாட்டுக்குப் போதுமான பாடம். அதைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4 அன்று, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி மின் நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நல்லது. ஆனால் கிணறு கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. இங்கே நாங்கள் கேட்பது முற்காப்பு. கழிவுநீரைச் சுத்திகரித்து விடுதித் தோட்டத்துக்கே பாய்ச்சுங்கள். சமையலறைக் கொழுப்பும் ஜெனரேட்டர் எண்ணெயும் நிலத்தில் விழக்கூடாது. விடுதியைச் சுற்றியுள்ள கிணறுகளில் சில, கட்டட வேலை தொடங்குமுன்பே பரிசோதிக்கப்பட வேண்டும். முன்னர் இருந்த அளவு பதிவில் இல்லாவிட்டால், பின்னர் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஓட்டையோடு. 1993 வர்த்தமானியின்படி 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டேயருக்கு மேற்பட்ட விடுதித் திட்டங்களே சுற்றாடல் அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் பட்டியலில் வருகின்றன. அப்படிப்பட்ட திட்டத்துக்கு முழு மதிப்பீடு கேட்கப்பட்டால்தான் பொதுமக்கள் 30 நாளுக்குள் கருத்துச் சொல்லும் வழி திறக்கும். தொண்டைமானாற்றில் நூறு அறை விடுதி கட்டப் போகிறவர் யார்? இங்கே வரக்கூடியவை பதினைந்து அறை, இருபது அறை, ஒரு கல்யாண மண்டபம். தனித்தனியே எல்லாம் சிறியவை, சேர்த்துப் பார்த்தால் நூறைத் தாண்டும். நிலத்தடி நீருக்கு அறைகளின் கூட்டுத்தொகைதான் தெரியும், உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பது தெரியாது. அதனால் ஆற்றின் இரு கரைக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையைக் கேட்கிறோம். கரையோரச் சட்டம் உயர்நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரையும், கடலோடு சேரும் ஆறு, கடல்நீரேரிகளில் 2 கிலோமீற்றர் உள்வரையும் கரையோர வலயம் என்கிறது. அந்த வலயத்துக்குள் கொடுக்கப்பட்ட அனுமதிகளின் பட்டியலை, தகவல் கேட்டு விண்ணப்பிக்க முன்பே வெளியிடுவது கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு மரியாதை.

கரை எல்லோருக்கும் பொது. வெயில் காலத்தில் வந்து பார்க்கும் முதலீட்டாளருக்கு அது வெறும் மணலாகத் தெரியும். வாடைக் காற்றுக் காலத்தில் வந்து பாருங்கள், வள்ளங்களை எவ்வளவு மேலே இழுத்து வைத்திருக்கிறோம் என்று. கரைவலை இழுக்கவும் வலை காயவிடவும் மீன் பிரிக்கவும் இடம் வேண்டும். பாசிக்குடாவில் வரிசையாக விடுதிகள் எழுந்தபோது கடற்றொழிலாளர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதை நாங்கள் அறிவோம். பாணமவில் 2010 இல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் கதையும் தெரியும். அங்கே காணியை எடுத்தது கம்பனி அல்ல, படை. எனவே காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துவது போன்ற விடுதி எங்கள் கரைக்கு வந்தாலும் இதே நீர்மானி, இதே கணக்கு. கண்டல் மரங்களை வெட்டி ‘ஆற்றுக் காட்சி’ திறக்கவும் வேண்டாம், வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் நீரேரியில் இயந்திரப் படகு விளையாட்டும் வேண்டாம்.

வேலை விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம்: காவலும் துணி துவைப்பும் மட்டும் ஊர்ப்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்காதீர்கள், வரவேற்பு மேசையிலும் கணக்குப் பகுதியிலும் இருத்துங்கள். பில்லில் வாங்கும் சேவைக் கட்டணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை ஊழியருக்கு எழுத்தில் கொடுங்கள். மீனும் மரக்கறியும் முடிந்தவரை இங்கேயே வாங்குங்கள்.

பிளாஸ்டிக் பற்றிப் பேசும்போது விரல் எங்கள் பக்கமும் திரும்புகிறது. லஞ்ச் ஷீட் 2017 இலும், ஒருமுறை பாவிக்கும் கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை 2023 ஒக்ரோபரிலும் தடைசெய்யப்பட்டன. சந்நிதியில் முருகனுக்கே ஆலமிலையில் அமுது படைக்கிறோம். அடியாருக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் கோப்பை? திருவிழாக் காலத்தில் மடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் கடைகளும் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். இல்லாவிட்டால் விடுதியைக் கேட்க எங்களுக்கு வாய் இராது.

இவ்வளவும் கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்று சிலர் பயமுறுத்தக்கூடும். 1990களின் தொடக்கத்தில் தம்புள்ளைக்கு அருகே கண்டலமக் குளக்கரையில் விடுதி வரப்போகிறது என்றதும் பிக்குமாரும் ஊராரும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். முதலீடு ஓடவில்லை. ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த விடுதி 1994 இல் திறக்கப்பட்டது. 2000 இல் அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபையின் ‘லீட்’ சான்றிதழைப் பெற்றது. ஊர் கேள்வி கேட்டிராவிட்டால் குளத்தைப் பற்றி அவ்வளவு கவனம் எடுத்திருப்பார்களா என்பது எங்கள் சந்தேகம்.

இந்தியாவின் 2013 கம்பனிகள் சட்டம் பெரிய கம்பனிகள் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இலங்கையின் 2007 கம்பனிகள் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்தக் கேட்கவும் மாட்டோம். கம்பனி விரும்பிய இடத்தில் விரும்பியதைக் கட்டி, தன் பெயர்ப்பலகையும் மாட்டும் பணமாகவே அது பெரும்பாலும் போய்விடும். யாராவது மனமுவந்து கொடுப்பதானால் தடுப்பணைக் கதவுகளின் பராமரிப்புக்கும் கிணற்று நீர்ப் பரிசோதனைக்கும் கொடுக்கட்டும்.

பரிசோதனையை யார் செய்வது? உயர்தர மாணவருக்குத் தவணைப் பரீட்சை நடத்திப் பெயர் பெற்ற வெளிக்கள நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. நீரின் உவர்த்தன்மையை அளக்கும் வேலையை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம், அவர்களுக்கும் அது பாடம். நகரசபை, பிரதேச சபை, பிரதேச செயலகங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள், விடுதி உரிமையாளர் எல்லோரும் உட்காரும் ஊர்க்கூட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை அந்த அளவுகள் வாசிக்கப்பட வேண்டும். மாரி முடிந்து தையில் ஒருமுறை. கிணறுகள் அடி காணும் ஆவணியில், சந்நிதித் திருவிழாவுக்குக் கொடியேறுமுன் மற்றொருமுறை.