முள் பட்டை கட்டிய வக்கீல்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் கூட்டாக நடத்திய அலுவலகம் ஒன்று, தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தருவது அவர்கள் தொழில். விளம்பரத்தில் ஒரு பிட்புல் நாயின் படம் இருந்தது. அதன் கழுத்தில் முள் பதித்த பட்டை. தொலைபேசிப் பொத்தான்களில் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அழுத்தினால், 1-800-க்குப் பிறகு வரும் ஏழு இலக்கங்களும் ‘பிட்புல்’ என்று படிக்கும்படி எண்ணையும் வாங்கி வைத்திருந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவர் எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்கமாட்டார்.

வழக்கறிஞர்களின் ஒழுங்குமுறை அமைப்பான புளோரிடா பார் இவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. முதலில் விசாரித்த நடுவர் தவறொன்றும் இல்லை என்றார். விசுவாசம், விடாப்பிடி, சளைக்காத மூர்க்கம் ஆகிய குணங்களைத்தான் அந்தப் படம் காட்டுகிறது, பேச்சுரிமை அதைக் காக்கும் என்பது அவர் முடிவு. 2005 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டிப் போட்டது. தலைமை நீதிபதி பார்பரா பேரியன்டே எழுதிய அந்தத் தீர்ப்பு, இதை அனுமதித்தால் நாளை சுறாவும் ஓநாயும் முதலையும் பிரானா மீனும் வழக்கறிஞர்களின் சின்னங்களாக வந்து நிற்கும் என்று கவலைப்பட்டது. இருவருக்கும் பகிரங்கக் கண்டனம். கூடவே விளம்பர விதிகள் குறித்த பயிலரங்கில் போய் உட்கார வேண்டும் என்ற உத்தரவு. அடுத்த ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது.

பிட்புல் நமக்கும் தெரியாத நாய் அல்ல. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு வளர்க்கத் தடை விதிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிய 23 இனங்களின் பட்டியலில் அது இருந்தது. புளோரிடாவின் மயாமி-டேட் பகுதியிலோ 1989 முதல் 2023 வரை அதை வளர்க்கவே தடை. வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத பிராணியை வழக்கறிஞர் தன் அடையாளமாக வைத்துக்கொள்ளலாமா என்பது அன்று அங்கே வெறும் வேடிக்கைக் கேள்வியாக இருக்கவில்லை.

அந்தத் தீர்ப்பு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, நாய்ப் படம் வழக்கறிஞர் தொழிலையே இழிவுபடுத்துகிறது. நீதிமன்றத்தை நாய்ச் சண்டைக் களமாகக் காட்டுகிறது. இன்னொன்று, அந்தப் படம் சொல்லும் எதையும் சரிபார்க்க முடியாது. ஒருவர் எவ்வளவு பிட்புல் என்று அளக்க ஏது கோல்? தீர்ப்பைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் முதல் காரணத்தையே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பலவீனமான காரணமாகப் படுகிறது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் காரணம் ஏன் பலவீனம்? வக்கீலையும் சுறாவையும் சேர்த்து வைத்துச் சிரிக்கும் வழக்கம் அந்த விளம்பரத்துக்கு வெகுகாலம் முந்தியது. சட்ட அறிஞர் மார்க் கலான்டர் அமெரிக்காவின் வக்கீல் நகைச்சுவைகளைத் திரட்டி ஆராய்ந்து ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார்; அது வெளிவந்ததும் அதே 2005-இல். சுறாக்கள் வக்கீலைக் கடிப்பதில்லை, ஒரே தொழில் செய்பவர்கள் என்ற மரியாதையாம்! இதைச் சொல்லிச் சிரிப்பவர் யாரும் விளம்பரம் பார்த்து அந்த முடிவுக்கு வரவில்லை. இழுத்தடிக்கப்பட்ட வழக்கு, விளங்காத கட்டணச் சீட்டு, திருப்பி எடுக்கப்படாத தொலைபேசி அழைப்பு ஆகியவைதான் அந்த நகைச்சுவைக்குத் தீனி. கண்ணாடியில் தெரியும் முகம் பிடிக்கவில்லை என்று கண்ணாடிக்காரரைக் கண்டிப்பதில் பயனில்லை.

இரண்டாவது காரணத்துக்கு வர, இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1908-இல் வகுக்கப்பட்ட அமெரிக்க வழக்கறிஞர் நெறிகள் விளம்பரத்தை முற்றாக விலக்கி வைத்தன. அந்தச் சுவரை உடைத்தவர்கள் அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரின் இரண்டு இளம் வழக்கறிஞர்கள். பணக்காரரும் அல்லாமல், இலவச சட்ட உதவி பெறுமளவுக்கு ஏழையும் அல்லாமல் நடுவில் நிற்பவர்களுக்காக ஓர் அலுவலகம் திறந்தார்கள். 1976 பிப்ரவரியில் உள்ளூர் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். அதில் விலங்கு எதுவும் இல்லை. இருந்தது விலைப்பட்டியல். இருதரப்பும் சம்மதிக்கும் விவாகரத்துக்கு 175 டாலர், நீதிமன்றக் கட்டணம் தனியாக 20 டாலர் என்பதுபோல. மாநில பார் அவர்களைத் தண்டித்தது. 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உண்மையான தகவல் தரும் விளம்பரத்தை முற்றாகத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. என்ன செலவாகும் என்று தெரியாததாலேயே பலர் வழக்கறிஞரிடம் போகாமல் இருக்கிறார்கள் என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதி.

175 டாலர் என்று எழுதியதற்காகத் திறக்கப்பட்ட கதவின் வழியே 28 ஆண்டுகளில் பிட்புல் நுழைந்துவிட்டது. விலை மறைந்து, பல் தெரிய ஆரம்பித்தது. விபத்து வழக்குகளில் விலையைச் சொல்லிப் போட்டிபோட யாருக்கும் தேவை இருக்கவில்லை. அங்கே வழக்கறிஞருக்கு முன்பணம் கிடையாது. கிடைக்கும் இழப்பீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலை கேட்கும் சந்தையில் தனித்துத் தெரிவது எப்படி? நெடுஞ்சாலைப் பலகையை வண்டியோட்டி ஒரு நொடி பார்க்கிறார். அந்த ஒரு நொடியில் சட்ட அறிவைக் காட்ட முடியாது, கோரைப்பல்லைக் காட்டலாம்.

அந்தப் பல் எதைக் குறிக்கிறது? ‘நான் உனக்காக நீதிமன்றத்தில் இறங்கிக் கடிப்பேன்’ என்கிறது. ஆனால், நீதிமன்றத்தில் இறங்குவது என்பதே அங்கே அரிதாகிவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1962-இல் முடிவுக்கு வந்த உரிமையியல் வழக்குகளில் 11.5 விழுக்காடு முழு விசாரணை வரை சென்றன. 2002-இல் அது 1.8 விழுக்காடு. இதைத் தொகுத்தவரும் நகைச்சுவைகளைத் தொகுத்த அதே கலான்டர்தான். மற்றவை பேசித் தீர்ந்தோ, தள்ளுபடியாகியோ வேறு வழிகளில் முடிந்தன.

சமரசம் தவறில்லை, பெரும்பாலான கட்சிக்காரர்களுக்கு அதுவே நல்லது. ஆனால், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் நோரா எங்ஸ்ட்ரம் ‘சமரச ஆலைகள்’ என்று பெயர் வைத்து ஆராய்ந்த அலுவலகங்களின் கதை வேறு. விளம்பரத்தைக் கொட்டி, விபத்து வழக்குகளை மொத்தமாக வாங்குவார்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரின் முகத்தையே சரியாகப் பார்த்திருக்கமாட்டார். வழக்கறிஞர் அல்லாத ஊழியர்களே காப்பீட்டு நிறுவனத்தோடு பேசித் தொகையை முடிப்பார்கள். வழக்குத் தாக்கல் செய்வதே அபூர்வம், முழு விசாரணை அதனினும் அபூர்வம். சாலையில் போகிறவர் விளம்பரத்தைப் பார்த்து மிரளலாம். எதிர்த்தரப்புக் காப்பீட்டு அதிகாரி மிரளமாட்டார். எந்த அலுவலகம் நீதிமன்றப் படி ஏறாது என்பது அவருக்கு மனப்பாடம். அவர் கொடுக்க முன்வரும் தொகையும் அதைப் பொறுத்தே அமையும். கடிக்காது என்று தெரிந்துபோன நாய்க்கு முள் பட்டை எதற்கு? வாடிக்கையாளர் பார்க்கத்தான்.

நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு. விலங்கு அல்ல, ‘சுத்தியல்’ என்ற பட்டப்பெயரோடு தொலைக்காட்சியில் கர்ஜித்த வழக்கறிஞர் ஒருவர். எதிரிகளின் இதயத்தைப் பிடுங்க முடியாததற்கு வருந்தும் தொனியில் பேசுவார். அவரை நம்பி வந்த கட்சிக்காரர் ஒருவர், வழக்கைக் கெடுத்துவிட்டார் என்று பிறகு அவர்மீதே வழக்குத் தொடுத்தார். அந்த விசாரணையில்தான், ‘சுத்தியல்’ ஒரு வழக்கைக்கூட நீதிமன்றத்தில் தானே நின்று நடத்தியதில்லை என்பதும், வேறு மாநிலத்தில் குடியிருந்தபடியே தொழில் நடத்தினார் என்பதும் வெளிவந்தது. 2002-இல் ஜூரி 19 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2004-இல் நியூயார்க் நீதிமன்றம் ஓராண்டு தொழில் செய்யத் தடை விதித்தது. கட்சிக்காரருக்கு இழப்பு ஏற்பட்டது சுத்தியலின் முரட்டுத்தனத்தால் அல்ல, சுத்தியலே இல்லாததால்.

சரி, விளம்பரத்தில் சொன்னபடியே உண்மையில் மூர்க்கமான வக்கீல் கிடைத்தால்? அதுவும் அவ்வளவு லாபமில்லை. மில்வாக்கி, சிகாகோ வழக்கறிஞர்களிடம், உங்களோடு கடைசியாகப் பேச்சுவார்த்தை நடத்திய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எப்படி என்று சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியா ஷ்னைடர் கேட்டுத் தொகுத்தார். 2002-இல் அது வெளியானது. சண்டைக்காரர் என்று சகாக்கள் வகைப்படுத்தியவர்களில், காரியத்தைச் சாதிப்பவர் என்று பெயர் வாங்கியவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதைக் கேட்டு நம் நீதிமன்ற வளாகத்தில் நாலு வருஷம் நின்ற யாரும் ஆச்சரியப்படமாட்டார். எடுத்ததற்கெல்லாம் ஆட்சேபம் எழுப்புகிறவர் கட்சிக்காரர் கண்ணுக்குச் சிங்கம். ஆனால், வாய்தாவுக்கு வாய்தா செலவாவது கட்சிக்காரரின் பணமும் பொழுதும்தான்.

மூர்க்கம் ஒருவரின் மொத்த அடையாளமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வழக்கறிஞர் மைக்கேல் கோஹனின் வாழ்க்கை இருக்கிறது. டிரம்ப்பின் ‘பிட்புல்’ என்றுதான் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அவரை எழுதின. எஜமானருக்காக யார்மீதும் பாய்வதே அவர் பெற்ற பெயர். 2018-இல் குற்றங்களை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார்; அடுத்த ஆண்டு வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கறிஞரின் வேலையில் பாதி, கட்சிக்காரரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்வது. விசுவாசமான நாய்க்கு அந்தப் பாதி தெரியாது.

புளோரிடாவின் தீர்ப்பு எல்லா மாநிலங்களுக்கும் வழியாகிவிடவில்லை. விளைவைச் சாதித்துக் கொடுப்பார் என்று தோன்றவைக்கும் பட்டப்பெயர்களை நியூயார்க் 2007-இல் விதி போட்டுத் தடுத்தது. கட்டடங்களுக்கு மேல் ராட்சதர்களாக நிற்பதாகவும், வேற்றுக்கிரகவாசிகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதாகவும் விளம்பரம் எடுத்த சிரக்யூஸ் நகர வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வேற்றுக்கிரகவாசி வந்து வக்காலத்து கொடுப்பார் என்று யாரும் நம்பி ஏமாறப் போவதில்லை. தரக்குறைவு என்பதற்காக மட்டும் பேச்சைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். புளோரிடாவோ வேறொரு பக்கத்திலிருந்தும் முயன்றது. 2011-இல் புதிய வழக்கறிஞர்கள் எடுக்கும் உறுதிமொழியில், எதிர்த்தரப்பிடமும் அவர்களின் வழக்கறிஞரிடமும் நேர்மையோடும் நாகரிகத்தோடும் நடப்பேன் என்ற வரியைச் சேர்த்தது. படத்தைத் துரத்துவதைவிட இது உருப்படியான காரியம் என்பேன்.

நம் நாட்டுக்கு இந்தச் சண்டை வரவே வராது என்று நினைக்கலாம். இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விளம்பரத்தையே தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கூடாது. கீழமை நீதிமன்றத் தாழ்வாரங்களில் ‘குறுக்கு விசாரணையில் புலி’ என்று சிலரைச் சொல்வார்கள். ஆனால், அந்தப் பெயரை வைப்பவர்கள் அவரோடு மோதிய சக வழக்கறிஞர்களும், பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஜூனியர்களும், குமாஸ்தாக்களும். பலகையில் புலி வரைந்து அந்தப் பெயரை வாங்க முடியாது.

ஆனால், பலகையைத் தடுத்ததால் பாய்ச்சல் நிற்கவில்லை. பம்பாய் எஸ்பிளனேடு நீதிமன்ற வாசலில் நின்று, உள்ளே வரும் கட்சிக்காரர்களை மறித்து, வழக்குக் கட்டைப் பிடுங்கி, தங்களுக்குள் கைகலப்பிலும் இறங்கிய வழக்கறிஞர்களின் விவகாரம் 1975-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் யாரிடமும் விலங்குச் சின்னம் இல்லை. விபத்துக் கேஸ்களில் இன்று வாசலுக்குப் பதில் மருத்துவமனை, வழக்கறிஞருக்குப் பதில் புரோக்கர். 2023-இல் திருத்தப்பட்ட வழக்கறிஞர் சட்டம் புரோக்கர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. அபராதமோ 500 ரூபாய் வரை மட்டும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டுப் போவார்கள்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, இணையதளங்கள் வழியே வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர்களிடையே ‘பிராண்ட்’ கலாசாரம் சமூகத்துக்குக் கேடு என்றது. அடிப்படை ஏதுமின்றி மதிப்பெண் போடுவதை அந்த அமர்வு கண்டித்ததில் எனக்கு முழு உடன்பாடு. நட்சத்திரக் குறிகளும் பிட்புல் படமும் ஒரே ஜாதி. இரண்டையும் சரிபார்க்க வழியில்லை. ஆனால், குறிப்பிட்ட விலைக்குச் சேவை விற்கப்படுவதும் அதே மூச்சில் குற்றமாகச் சொல்லப்பட்டது. பீனிக்ஸ் வழக்கறிஞர்கள் போராடி வென்றது அந்த ஒன்றுக்காகத்தானே? பொறுப்பேற்காத மூன்றாம் நபரின் தளம் விலை போடுவதும், வழக்கறிஞரே தன் பெயரில் ‘இந்த வேலைக்கு இவ்வளவு’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதலாவதைத் தடுக்கலாம். இரண்டாவதையும் சேர்த்துத் தடுக்கும்போது, மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் புரோக்கர் சொல்வதே விலையாகிறது.

2008-இல் 36-ஆம் விதியைத் தளர்த்தி, வழக்கறிஞர்கள் இணையதளம் வைத்துக்கொள்ள பார் கவுன்சில் அனுமதித்தது. அதில் எதையெல்லாம் போடலாம் என்று பட்டியலும் தந்தது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம், படித்த படிப்பு, எந்தத் துறை வழக்குகள். புலிக்கும் சிங்கத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை, நல்லது. கட்டணத்துக்கும் இடமில்லை.