கிரகணத்துக்குக் கதவடைக்கும் பரம்பரையா நாம்?

2023 ஒக்டோபர் 29 அதிகாலை ஒரு மணி கடந்து நிகழ்ந்த பகுதிச் சந்திரகிரகணம் இலங்கையிலும் தெரிந்தது. நிலவின் ஓரத்தில் சிறு துண்டை மட்டுமே பூமியின் நிழல் தொட்டது. ஏறத்தாழ 80 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அந்தச் சிறு நிழலுக்காக எந்த நட்சத்திரத்தாருக்குத் தோஷம், கர்ப்பிணிகள் எப்போது வெளியே வரலாகாது என்று நம்மவர் எழுதிக் குவித்தார்கள். வெளியே வந்து பாருங்கள் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்?

இப்படிக் கதவடைப்பவர்களே, நமது முன்னோர் வானத்தை அளந்தவர்கள் என்றும் மார்தட்டுகிறார்கள். அளந்தது உண்மை. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு எவரும் வானத்தை அளந்ததில்லை.

கி.மு. 523 யூலை 16 இரவு பாபிலோனில் நிலவின் பாதியளவு மறைந்தது. கிரகணத்தைத் தீய சகுனமாக அஞ்சியவர்கள்தாம் பாபிலோனியரும். ஆயினும் நேரத்தையும் மறைந்த அளவையும் குறித்து வைத்தார்கள். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் தொலமி அந்தக் குறிப்பை எடுத்து நிலவின் இயக்கத்தைக் கணக்கிட்டார். அச்சம் மறைந்துபோனது, அளவு நிலைத்தது.

அந்த அறிவோடு நமக்கும் உறவு உண்டு. நமது வாக்கிய பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வரருசியின் 248 சந்திர வாக்கியங்கள் 248 நாள் சுழற்சியைச் சார்ந்தவை. அதே சுழற்சியைப் பாபிலோனியரும் கிரேக்கரும் கையாண்டனர். 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுத்தின் துணையின்றிச் சோழிகளைத் தரையில் பரப்பியே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். ஜோன் வாரன் பதிவு செய்த அக்கணக்கை 1952இல் கணித வரலாற்றறிஞர் நொய்கபவர் வியந்து ஆராய்ந்தார்.

நான்கு நிமிடத்தைக் கொண்டாடுவோர் ஐம்பத்திரண்டைப் பேசுவதில்லை. 1829 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலும் இதுவே நேர்ந்தது. பகுதிச் சந்திரகிரகணம் ஒன்றின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பஞ்சாங்கத்துக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவர் கணக்குக்கும் கால் மணி நேரம் வேறுபாடு. வானம் பூவர் பக்கம் நின்றது. அதைக் கொண்டு நமது சமயமே பொய்யென்று மிஷனரிகள் வாதிட்டது அநியாயம். பழைய வாய்பாட்டின் பிழை ஓர் இனத்தின் அறியாமை ஆகாது. ஆனால் பிழை, பிழைதான். பார்த்துத் திருத்துவதே கணிதருக்கு அழகு. திருத்திய திருக்கணிதம் வந்த பின்னும் வாக்கியமும் தனியாக அச்சாகிறது. விரதமும் திருவிழாவும் சில ஆண்டுகளில் இரண்டு நாளாகின்றன.

வன்னியில் விதைப்புக்கும் கோயில் பொங்கலுக்கும் பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கிறோம். நிலவைப் பார்க்க மட்டும் நமக்குத் தயக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முல்லைத்தீவின் வயல்வெளிகளிலும் குளக்கட்டுகளிலும் மறைப்பில்லாத வானம் இருக்கிறது. சந்திரகிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. அடுத்த கிரகணத்தன்று பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கையில் கடிகாரமும் மறுகையில் இரண்டு பஞ்சாங்கங்களும் இருக்கட்டும். எது சரியென்று அவர்களே எழுதிவைக்கட்டும்.

முன்னோருக்குச் செய்யும் மரியாதை அதுதான். கதவடைப்பது அல்ல.