மலை ஏறும் மோட்டார் சைக்கிள்: வாங்கப் போகிறவர் கவனத்துக்கு

கடமலைக்குண்டு கடைவீதிக்கு ஒரு புது வண்டி வந்து நின்றால், நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

முன்பு புல்லட்டைப் பார்த்தார்கள். இப்போது வேறு ஒரு வண்டியைப் பார்க்கிறார்கள். அது ஒட்டகம் மாதிரி உயரமாக நிற்கிறது. முன் சக்கரம் பெரியது. பின்னால் பெட்டி கட்டுவதற்குக் கம்பி இருக்கிறது. "இமயமலைக்கே போகுமாம்" என்கிறார் ஒருவர். "வருசநாட்டு ரோட்டில் போனால் போதும்" என்கிறார் இன்னொருவர்.

கடைக்காரர்கள் இதை "அட்வென்ச்சர் டூரர்" என்கிறார்கள். நல்ல ரோட்டிலும் போகும், கல்லும் குழியுமான பாதையிலும் போகும், நெடுந்தூரமும் போகும். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

இந்த வண்டியை வாங்கலாமா? இன்று பல வீடுகளில் மகன் கேட்கிறான். அப்பா யோசிக்கிறார். அம்மா பயப்படுகிறார். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1980-ல் ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரில் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஒன்றுக்குக் "காடுமேடு" என்று பொருள். மற்றதற்குச் "சாலை" என்று பொருள். 1981-ல் பாரிசிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து டக்கார் வரை நடந்த பந்தயத்தில், அந்தக் கம்பெனி வண்டி ஜெயித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் இந்த ஜாதி வண்டிக்கு மவுசு வந்துவிட்டது.

நம் நாட்டில் இதைச் சாதாரண மக்களிடம் கொண்டுவந்தது ராயல் என்பீல்டு. 1955-ல் சென்னை திருவொற்றியூரில் புல்லட் தொழிற்சாலை தொடங்கிய அதே கம்பெனிதான். 2016-ல் 411 சி.சி. ஹிமாலயன் வந்தது. 2023 நவம்பரில் 452 சி.சி. ஹிமாலயன் வந்தது. ஹீரோ கம்பெனி 2019-ல் 200 சி.சி.யில் எக்ஸ்பல்ஸ் கொண்டுவந்தது. சுசூகி 2022-ல் 250 சி.சி.யில் ஒன்றை விட்டது. ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியும் 2025 அக்டோபரில் 299 சி.சி.யில் அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். என்று இறங்கிவிட்டது.

ஆகவே, "பெரிய வண்டி என்றால் ஒன்றுதான்" என்ற காலம் போய்விட்டது.

350-ல் ஒரு கோடு

இதற்கிடையே மத்திய சர்க்கார் வரியை மாற்றியது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அது அமுலுக்கு வந்தது. 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-க்கு மேல் போனால் 40 சதவீதம். முன்பு அதற்கு 28 சதவீத வரியும் 3 சதவீதம் கூடுதல் தீர்வையும் இருந்தன.

சதவீதம் சொன்னால் புரியாது. ரூபாயில் பார்ப்போம்.

வரி இல்லாமல் 2 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 350 சி.சி.க்கு உட்பட்டதானால் முன்பு வரி 56,000 ரூபாய். இப்போது 36,000 ரூபாய். 350-க்கு மேற்பட்டதானால் முன்பு 62,000 ரூபாய். இப்போது 80,000 ரூபாய்.

அதாவது, முன்பு இந்த இரண்டுக்கும் வரியில் வித்தியாசம் 6,000 ரூபாய்தான். இப்போது 44,000 ரூபாய்!

இன்சூரன்சிலும் இதே கோடு உண்டு. பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான கட்டாய இன்சூரன்சு, புது வண்டிக்கு 5 வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, 150-க்கு மேல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். 350-க்கு மேல் 15,117 ரூபாய். தமிழ்நாட்டின் சாலை வரி தனி.

கடன் வாங்கினால்? இரண்டரை லட்சம் ரூபாய், 10 சதவீத வட்டி, 3 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 8,070 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டி மட்டும் 40,000 ரூபாய்க்கு மேல். இலவம் பஞ்சும் தேங்காயும் விற்றுப் பிழைக்கிற ஊரில், விலை இறங்கிய மாதத்திலும் தவணை இறங்காது.

உயரமும் பாரமும்

பணத்தை விடுங்கள். எனக்குப் பெரிய கவலை வேறு.

நம் கிராமங்களில் பெரும்பாலோர் பழகிய வண்டி ஸ்பிளெண்டர் மாதிரி ஒன்றுதான். அதன் எடை சுமார் 112 கிலோ. புது ஹிமாலயன் 196 கிலோ. வித்தியாசம் 84 கிலோ. ஒன்றரைச் சிமெண்டு மூட்டைக்கும் மேலே!

உயரமும் அப்படித்தான். ஸ்பிளெண்டர் சீட்டு தரையிலிருந்து 78.5 சென்டிமீட்டர். ஹிமாலயன் 82.5 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடைதானே என்று நினைக்காதீர்கள். சீட்டு அகலம் வேறு. குட்டையான ஆளுக்குப் பாதம் முழுக்கத் தரையில் பதியாது. நுனி விரல்தான் எட்டும்.

ஓடும்போது இது தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும். மேட்டில் நிறுத்துகிறீர்கள். காலை ஊன்றும் இடத்தில் ஒரு பள்ளம். வண்டி சாய்கிறது. ஸ்பிளெண்டரானால் இழுத்துப் பிடித்துவிடலாம். இதைப் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் இடுப்பு பிசகும். சாய ஆரம்பித்தால் வண்டியை விட்டுவிட்டு விலகுவதே மேல்.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் என்ஜினை நிறுத்துங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வையுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், மற்றது பின் கம்பியில். முதுகை வளைக்காமல், காலால் உந்திப் பின்பக்கமாக நடங்கள். வாங்கும் இடத்திலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிரேக் விஷயமும் புதிது. தார் ரோட்டில் முன் பிரேக்குதான் வண்டியை நிறுத்தும். சரளைக் கல்லில் அதை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். ஏ.பி.எஸ். என்ற கருவி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுகிறது. ஆனால் சரளையில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும். அதனால் பின் சக்கரத்துக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்க இந்த வண்டியில் வசதி கொடுத்திருக்கிறார்கள். பழகியவர்களுக்கு அது உதவும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் ஒரு மாதம் தனியாக, பகலில், தெரிந்த ரோட்டில் மட்டும் ஓட்டுங்கள். பின்னால் ஆள் வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதே வருடம் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஓட்டுகிறவருக்கு மட்டும் ஹெல்மெட் வாங்கிவிட்டு, வீட்டுக்காரியை வெறும் தலையோடு ஏற்றிப் போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூன்று லட்சம் ரூபாய் வண்டியிலும் இதைப் பார்க்கிறோம்!

காட்டுக்குள் போகலாமா?

"காடுமேடு வண்டி வாங்கிவிட்டோம், மேகமலைக் காட்டுக்குள் புகுந்து வரலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம் அது. அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பினால் வழக்கு வரும். சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் போகலாம். அங்கேயும் சோதனைச் சாவடி உண்டு. இரவில் விடமாட்டார்கள்.

அப்படியானால் இந்த வண்டி யாருக்கு?

மேடு பள்ளத்தில் தினமும் போய் வருகிறவருக்கு இது நல்ல வண்டிதான். சந்தேகமே இல்லை. பெரிய முன் சக்கரம் குழியில் இறங்கி ஏறிவிடும். அடிப்பாகம் கல்லில் தட்டாது. முதுகு வலிக்காது. ஆனால் வருசநாட்டு ரோட்டுக்கு 450 சி.சி. எதற்கு? அந்தப் பலம் முழுவதையும் காட்ட அங்கே இடம் இல்லை. மாடு குறுக்கே வரும். பஞ்சு லாரி எதிரே வரும். 200, 250 சி.சி. வண்டிகளுக்கும் அதே மாதிரி உயரமான உடம்பு உண்டு. எடை 30 கிலோ குறைவு. வரியும் இன்சூரன்சும் குறைவு.

லடாக் போகப் போகிறேன், வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன் என்கிறவர் பெரியதை வாங்கட்டும். கையில் ரொக்கம் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு மெக்கானிக்கை நம்பி அதை வாங்கக் கூடாது. தண்ணீரால் குளிர வைக்கும் என்ஜின் அது. கம்ப்யூட்டரை மாட்டித்தான் கோளாறு பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிற்கிற வண்டியில் அம்மாவை ஏறி உட்காரச் சொல்லுங்கள். பின் சீட்டு இன்னும் உயரம். பெட்டிக் கம்பி வேறு குறுக்கே நிற்கும். சேலை கட்டியவர் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியுமா? ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளப் பிடி எங்கே? சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்புக் கம்பி பொருத்தியிருக்கிறதா? அழகாக இல்லை என்று அந்தக் கம்பியைக் கழற்றச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. கழற்ற விடாதீர்கள்.

அம்மாவால் ஏற முடியவில்லை என்றால், அடுத்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.