டிவிடெண்டு எங்கிருந்து வருகிறது?

சென்ற திங்கள் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்திலே ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து புறப்படும் தறுவாயில், மணிலா பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் அச்சிட்ட தாளொன்றை நம்மிடம் நீட்டினார். "ஐயா, இந்த மியூச்சுவல் ஃபண்டில் ஐம்பது சதவீத டிவிடெண்டு அறிவித்திருக்கிறார்களாம். நம் சங்கம் அதில் பாதிகூடக் கொடுப்பதில்லையே! வைப்புத் தொகையை எடுத்து இதிலே போட்டுவிடட்டுமா?" என்றார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. சொல் ஒன்று, அது குறிக்கும் பொருள் இரண்டு. அங்கேதான் மயக்கம் பிறக்கிறது.

நம் சங்கத்திலே, தணிக்கை முடிந்த நிகர இலாபத்தில் சேமநிதி முதலியவற்றுக்கு ஒதுக்கிய பின்னரே டிவிடெண்டு வழங்கப்படுகிறது. அதைப் பெற்றுக்கொண்டதால் நூறு ரூபாய்ப் பங்கு தொண்ணூறாகி விடுவதில்லை. மியூச்சுவல் ஃபண்டின் வழி வேறு. பலருடைய பணத்தைத் திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்து, மொத்தச் சொத்தை யூனிட்டுகளாகப் பகுத்து, ஒரு யூனிட்டின் மதிப்பை அன்றாடம் அறிவிக்கிறார்கள். டிவிடெண்டு கொடுத்தால், கொடுத்த அளவுக்கு யூனிட்டின் மதிப்பு குறைந்துவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். யூனிட் ஒன்று 50 ரூபாய் வீதம் 1,000 யூனிட்டுகள். ஆக 50,000 ரூபாய். 50 சதவீத டிவிடெண்டு என்பது 10 ரூபாய் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது. எனவே யூனிட்டுக்கு 5 ரூபாய். கையில் 5,000 ரூபாய் வரும், யூனிட்டின் மதிப்பு 45 ஆகும், மீதி 45,000. கூட்டினால் பழைய 50,000 தான்! தறியிலிருந்து நான்கு முழம் அறுத்தெடுத்தால் நெய்த துணி கூடிவிட்டது என்று எந்த நெசவாளராவது சொல்வாரா? டிவிடெண்டு வருகிறதென்று முதல்நாள் ஓடிப்போய் யூனிட் வாங்குவோர், தம் பணத்தையே திரும்பப் பெற்று அதற்கு வருமான வரிக் கணக்கும் காட்டுகிறார்கள்.

மற்றொன்று வளர்ச்சி முறை. இதிலே இலாபம் வெளியே வராமல் உள்ளேயே தங்கி, யூனிட்டின் மதிப்பில் சேருகிறது. பணம் வேண்டும்போது 100 யூனிட்டுகளை விற்றால் அதே 5,000 ரூபாய் கிடைக்கும். அவற்றை 40 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், வரிக் கணக்கில் இலாபமாக வருவது 1,000 ரூபாய் மட்டுமே. டிவிடெண்டாக வந்தாலோ, 2020 ஏப்ரல் முதல், முழுத் தொகையும் பெறுபவரின் வருமானத்தில் சேருகிறது.

இம்மயக்கம் நாடெங்கும் இருந்ததால்தான் செபி வாரியம், 2021 ஏப்ரல் முதல் "டிவிடெண்டு" என்ற பெயரையே மாற்றி, "வருமானப் பகிர்வும் மூலதன மீட்பும்" என்று பொருள்படும் பெயரை வைக்கச் செய்தது. வரும் தொகையில் நாம் போட்ட முதலும் கலந்திருக்கலாம் என்பதை அப்பெயரே உரைக்கிறது.

பழைய பாடமும் உண்டு. யூனிட் டிரஸ்டு 1964இல் தொடங்கிய "யூனிட் 64" திட்டத்தை, ஆண்டுதோறும் வந்த டிவிடெண்டைக் கொண்டே மக்கள் மதித்தார்கள். யூனிட்டின் விலையோ சொத்தின் மதிப்பைப் பின்பற்றாமல் நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டு வந்தது. 2001 ஜூலையில் யூனிட்டுகளை விற்பதும் திரும்பப் பெறுவதும் நிறுத்தப்பட்டபோது, இலட்சக்கணக்கான குடும்பங்கள் திகைத்தன. டிவிடெண்டு வருவது மட்டுமே முதல் பத்திரமாக இருப்பதற்குச் சான்றாகாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். விதைக்கும் நூலுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய பணத்தை ஏறி இறங்கும் இடத்திலே போடலாகாது. பல ஆண்டுகள் தொடவேண்டாத பணமாயின் வளர்ச்சி முறையே ஏற்றது. திங்கள்தோறும் செலவுக்கு வேண்டுவோரும் அம்முறையிலேயே இருந்து, தாமே குறித்த தொகையை அவ்வப்போது எடுத்துக்கொள்ளலாம். டிவிடெண்டு எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதற்கு உறுதியேதும் இல்லை. வளர்ச்சி என்ற பெயரும் உறுதியன்று. சந்தை வீழ்ந்தால் அதுவும் வீழும்.

அந்த அங்கத்தினரிடம் இக்கணக்கைத் தாளின் பின்புறத்திலேயே எழுதிக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் இது என் பணந்தானே, ஐயா?" என்றார். அந்த ஒரு கேள்வியை ஒவ்வோர் அங்கத்தினரும் கையெழுத்திடுமுன் கேட்பாராக.