வயநாட்டு மலைக்கு நாமும் பொறுப்பு

கோழிக்கோட்டிலிருந்து வயநாட்டுக்கு ஏறும் தாமரசேரி மலைப்பாதையில் 9 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், லக்கிடி வரை வண்டிகள் தேங்கிவிடும். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு விரையும் ஆம்புலன்ஸும் அந்த வரிசைக்குள்தான் சிக்கி நிற்கும். 2025 ஆகஸ்ட் கடைசியில் மண்ணும் பாறையும் சரிந்து அந்த வழியே அடைபட்டது. அதே மாதம் 31-ஆம் தேதி, இதற்கு மாற்றுவழியாக, ஆனக்காம்பொயில்–கள்ளாடி–மேப்பாடி இரட்டைச் சுரங்கச்சாலைப் பணியைக் கேரள முதல்வர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். 8 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மதிப்பு 2,134 கோடி ரூபாய்.

சுரங்கம் போய்ச் சேரும் மேப்பாடி ஊராட்சியில்தான் முண்டக்கையும் சூரல்மலையும் இருக்கின்றன. 2024 ஜூலை 30 விடிவதற்குள் 250-க்கும் மேற்பட்ட உயிர்களை மண் மூடிய ஊர்கள். அங்கே மலையைக் குடைவதா என்று ஒரு தரப்பு பதறுகிறது. நோயாளியை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வளைவில் காத்திருப்பது என்று மறு தரப்பு கேட்கிறது. இரண்டுமே உயிர் பற்றிய கேள்விதான். ஒருவர் வாயை இன்னொருவர் அடைத்து இதைத் தீர்க்க முடியாது.

சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் குறுக்கே சாலை போட்டார்கள், விளிம்பில் ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் கட்டினார்கள். 2015-லும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தெருவை நிறைத்தது. சாலையில் விரைந்து போனவர்கள் வேறு, இடுப்பளவு நீரில் நின்றவர்கள் வேறு. வயநாட்டிலும் அப்படித்தான் ஆகும். வேகம் வியாபாரிக்கும் சுற்றுலாப் பயணிக்கும் கிடைக்கும். அபாயம் சரிவில் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குப் போகும். இந்தப் பங்கீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

மலைக்குள் நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரியாது. இமாசலத்தின் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கத்தைத் தோண்டியபோது, சேரி நாலா ஓடைக்குக் கீழே உடைந்து கிடந்த பாறையிலிருந்து நீரும் சேறும் கொட்டின. 600 மீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்தைத் தாண்டவே ஏறக்குறைய 4 ஆண்டுகள் பிடித்தன. 2010-இல் தொடங்கிய வேலை, 2020 அக்டோபரில்தான் திறப்பு விழா கண்டது. தாமதம் என்று எத்தனையோ பேர் குறைபட்டிருப்பார்கள். எனக்கு அது பொறுப்பாகத்தான் படுகிறது. சாலைத் தளத்துக்கு அடியிலேயே தப்பிக்கும் வழியும் அங்கே அமைத்தார்கள். உத்தரகாண்டின் சில்க்யாராவில் 2023 நவம்பர் 12 அன்று சுரங்கம் இடிந்தபோது அப்படி ஒரு வழி இல்லை. 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். துளையிடும் இயந்திரம் உடைந்துபோக, கடைசிச் சில மீட்டர்களை எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையால் தோண்டித்தான் அவர்களை மீட்டார்கள்.

வயநாட்டுப் பணிக்கான சுற்றுச்சூழல் அனுமதியில் நில அதிர்வு, நிலத்தடி நீர், மண்சரிவு ஆகியவற்றைக் கண்காணிக்க நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த அளவீடுகள் கோப்புக்குள் கிடக்கக் கூடாது. தினமும் மேப்பாடி ஊராட்சியிலும் ஆனக்காம்பொயில் அடங்கிய திருவம்பாடி ஊராட்சியிலும் பலகைகளில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு வெடிவைப்பு நிற்கும் என்பதை ஊருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோண்டிய கல்லும் மண்ணும் எந்த ஓடைக் கரையிலும் குவியாமல் பார்த்துக்கொள்வது ஒப்பந்ததாரர் வேலை. போய்ப் பார்த்துக் கேள்வி கேட்பது கிராம சபையின் வேலை.

நமக்கும் இதில் வேலை உண்டு. வயநாட்டு மழையைச் சுமக்கும் கபினி காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரி வீராணம் வழியாகச் சென்னைக் குழாய் வரை வருகிறது. ஆகவே கேரளத்தின் அளவீடுகளைத் தமிழக அரசு கேட்டு வாங்குவது பக்கத்து வீட்டு விஷயத்தில் தலையிடுவதாகாது. சுரங்கம் திறந்ததும் பயணம் சுருங்கும், சரிவுகளில் விடுதிகள் முளைக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அறை கேட்பவர்கள் நாம்தான். மண்சரிவு அபாயப் பகுதி என்று மாவட்ட நிர்வாகம் குறித்த இடத்தில் அந்த விடுதி நிற்கிறதா என்று கேட்டுவிட்டே முன்பணம் கட்டுவோம். கனமழை எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவோம். அப்படித் தள்ளிப்போடுகிறவருக்கு முழுப் பணத்தையும் விடுதிகள் திருப்பித் தரும்படி இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் இப்போதே விதி செய்யட்டும்.