கைக்கு ஏற்ற வேகம்

"இனிமே எனக்குப் பக்கம் எதுவும் அனுப்பாதீங்க தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

போனில் அவர் இப்படிச் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. தில்லியில் தமிழ் மெய்ப்புத் திருத்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் மூத்தவர் அவர். வயது 71. அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து தமிழ்ப் பிழைகளோடு மல்லுக்கட்டி வருபவர். பென்ஷன் கிடையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலியில்தான் மருந்துச் செலவு ஓடுகிறது.

அவர் விலக நினைத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். முந்தைய வாரம் அவர் திருத்தி அனுப்பிய கோப்பில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. நான் மொழிபெயர்த்த ஒரு பிரசுரம் அது. ஓரிடத்தில் 'திட்டத்தை கொண்டு வந்தது' என்று இருந்தது. என் தட்டச்சுப் பிழை. நடுவில் ஒரு 'க்' சேர்க்க வேண்டும். அவரும் சேர்த்திருந்தார். ஆனால் அது ஒரு வரி மேலே போய் விழுந்துவிட்டது. அங்கே 'இளைஞர்களுக்கு வேலை கொடுக்கும்' என்று இருந்தது 'இளைஞர்களுக்கு வேலைக் கொடுக்கும்' என்று மாறிவிட்டது. வேலை கொடுத்தால் சம்பளம் வரும். வேலைக் கொடுத்தால் சூரசம்ஹாரத்துக்குத்தான் போக வேண்டும். யாரோ இதைக் கவனித்துச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு அவர் காதுவரை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி ஜனக்புரியில் அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. "ஒரு பக்கம் திருத்திக் காட்டுங்க சார்" என்றேன். தயக்கத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கை நடுங்கவில்லை. வயதுக்கு ஏற்ற நிதானம் மட்டும் இருந்தது. ஆனால் திரையில் அம்புக்குறி பித்துப் பிடித்தது போல் ஓடியது. ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப் போனால் அதைத் தாண்டியது. திருப்பினால் மறுபக்கம் தாண்டியது. மவுஸுக்குத் தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தவர்கள், குறும்புக்காரப் பிள்ளையையும் அப்படித்தான் அழைக்கிறோம் என்பதை நினைத்திருப்பார்களோ என்னவோ.

"எப்போலேர்ந்து சார் இப்படி?"

"பேரன் கம்ப்யூட்டரை மாத்தினதிலேர்ந்து. எல்லாம் புதுசு. நான்தான் பழசு."

கதை மெல்ல விளங்கியது. அவருடைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு அந்தப் பழைய இயந்திரம் தகுதி பெறவில்லை. புதிது வாங்கக் காசு இல்லை. பத்தாவது படிக்கும் பேரன் கெட்டிக்காரன். காசில்லாமல் கிடைக்கும் உபுண்டு லினக்ஸைப் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டான். கூடவே, தான் விளையாடுவதற்குத் தோதாக ஒரு புது மவுஸையும் வாங்கி மாட்டிவிட்டான். தாத்தாவின் சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

மவுஸுக்கு டிபிஐ என்று ஒரு கணக்கு உண்டு. கை ஓர் அங்குலம் நகர்ந்தால் மவுஸ் எத்தனை எண்ணிச் சொல்கிறது என்பதே அது. பழைய மவுஸ்கள் பலவற்றில் 400 அல்லது 800. புது மவுஸின் பெட்டியில் 1600 என்று போட்டிருந்தது. லினக்ஸில் இந்த எண்ணிக்கையை வாங்கி அம்புக்குறியின் நகர்வாக மாற்றுவது 'லிப்இன்புட்' என்ற மென்பொருள். பட்டியலில் உள்ள மவுஸ் என்றால் அதன் டிபிஐயை அறிந்து அதற்கேற்ப ஈடுகட்டிவிடும். பட்டியலில் இல்லாத மவுஸ் என்றால் 1000 என்றே வைத்துக்கொள்ளும். ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு 1600 டிபிஐ மவுஸ், இருக்க வேண்டியதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும்.

இது மெய்ப்புத் திருத்துபவரை எப்படிப் பாதிக்கும்? திரையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே சுமார் 20 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 1600 புள்ளி என்று அம்புக்குறி ஓடினால், கை வெறும் 0.3 மில்லிமீட்டர் அசைந்தாலே மேல் வரிக்குப் போய்விடும். தலைமுடி நாலைந்தைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் இது. இருபது வயதுக் கைக்கே இது கஷ்டம்.

அவரிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ கை மேல தப்பு இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஜனக்புரி வரை வந்தது தகும் என்று தோன்றியது.

இனி, செய்தது என்ன என்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் உதவலாம். உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' திறந்து 'மவுஸ் அண்ட் டச்பேட்' என்ற பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 'பாயின்டர் ஸ்பீட்' என்று ஒரு கோடும் அதன் மேல் நகரும் ஒரு குமிழும் இருக்கும். இடது கோடி மெதுவு, வலது கோடி வேகம். திரையில் எண் தெரியாது. உள்ளே இடது கோடிக்கு -1, நடுவுக்கு 0, வலது கோடிக்கு +1 என்று கணக்கு. ஒரேயடியாக இடது கோடிக்குத் தள்ளிவிடக் கூடாது. அம்புக்குறி நகரவே நகராது என்று சொல்லும் அளவுக்குச் சோம்பிவிடும். கொஞ்சம் தள்ளி, ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட ஒற்றெழுத்தைக் குறிவைத்துப் பார்த்து, மறுபடியும் தள்ளலாம்.

அதே இடத்தில் 'மவுஸ் ஆக்ஸிலரேஷன்' என்று ஒரு பொத்தானும் உண்டு. இது இயங்கும்போது, மெல்ல நகர்த்தினால் அம்புக்குறி குறைவாகவும், வெடுக்கென்று நகர்த்தினால் பல மடங்கு கூடுதலாகவும் போகும். இந்த யோசனை பழையது. 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் தொடங்கிய 'எக்ஸ் விண்டோ' அமைப்பில் இதற்கு இரண்டு எண்கள் கொடுப்பார்கள். எத்தனை மடங்கு என்பது ஒன்று. எவ்வளவு வேகத்துக்கு மேல் அந்த மடங்கு தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. லினக்ஸ் பிறந்த 1991க்கும் முந்தைய ஏற்பாடு. பெரும்பாலானவர்களுக்கு இது வசதிதான். ஆனால் எங்கள் பெரியவர் நகர்த்தும் விதம் வேறு. கொஞ்சம் நகர்த்துவார், நிறுத்துவார், பிறகு சட்டென்று ஓர் உந்து உந்துவார். அந்த உந்துதலைத்தான் இயந்திரம் பெருக்கிக் காட்டியது.

ஆக்ஸிலரேஷனை நிறுத்தினோம். நிறுத்திவிட்டால் கணக்கு எளிது. குமிழ் நடுவில் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று. நடுவுக்கும் இடது கோடிக்கும் சரிபாதியில் வைத்தால் அரை வேகம். வலது கோடியில் இரட்டை வேகம். நாங்கள் அரை வேகத்தில் வைத்தோம். 1920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க முன்பு 1.2 அங்குலம் நகர்த்தினால் போதும், இப்போது 2.4 அங்குலம் தேவை. மேசையில் அதற்கு இடம் இருந்தது.

மேசையில் கண்ணாடி போட்டிருந்தார். ஒளியால் இயங்கும் மவுஸ்கள் பலவும் கண்ணாடி மேல் தடுமாறும். பழைய காலண்டர் அட்டை ஒன்றைப் போட்டேன். இரட்டைக் கிளிக் செய்ய விரல் தாமதிப்பதால், 'அக்ஸஸிபிலிட்டி' பகுதியில் அதற்கான இடைவெளியைக் கூட்டினேன். அம்புக்குறியின் உருவத்தையும் அங்கேயே பெரிதாக்கலாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

அடுத்த புதன்கிழமை மறுபடியும் போன். "தம்பி, பழையபடி ஓடுது."

இந்த முறை பேரனிடம் பேசினேன். "அங்கிள், நீங்க வெச்சுட்டுப் போன ஸ்பீட்ல ஆமை மாதிரி போகுது. கேம் ஆட முடியல. அதான் மாத்தினேன்" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். அவன் கைக்கு அந்த வேகம் வேண்டும். ஒரே வீட்டில், ஒரே மவுஸில், இரண்டு கைகள்.

லினக்ஸில் இதற்கும் வழி இருக்கிறது. வேக அமைப்பு கம்ப்யூட்டருக்கு உரியதன்று, உள்ளே நுழையும் ஆளுக்கு உரியது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'யூசர்ஸ்' என்ற இடத்தில் தாத்தாவுக்கு ஒரு பெயர், பேரனுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டால், அவரவர் கடவுச்சொல் போட்டு நுழையும்போது அவரவர் வேகம் தானாக வந்துவிடும். பேரனே ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தான். மவுஸின் சக்கரத்துக்குப் பின்னால் டிபிஐ மாற்றும் சிறு பொத்தான் ஒன்று உண்டு. அதை மட்டும் இருவரும் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். அதைத் தொட்டால் எல்லாருடைய வேகமும் மாறிவிடும்.

டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி 1964இல் செய்யப்பட்ட முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள். கை இவ்வளவு நகர்ந்தால் திரையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அன்றிலிருந்து யாரோ ஒருவர் தீர்மானித்துத்தான் நமக்குத் தருகிறார். கடையிலிருந்து வரும்போது உள்ள வேகம் முகம் தெரியாத, சராசரியான ஒரு கைக்கு வைத்த வேகம். அது ஒத்துவரவில்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் இயந்திரத்தைக் குறை சொல்வதில்லை. தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். "எனக்கு வயசாயிடுச்சு" என்று எழுந்து போய்விடுகிறார்கள். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். அடுத்த முறை அப்படி யாராவது எழுந்தால், அவர்களை உட்கார வைத்து அந்தக் குமிழைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்திப் பாருங்கள்.

போன வாரம் 42 பக்கங்கள் அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தன. ஒற்றுகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. என் மொழிபெயர்ப்பில் மூன்று இடங்களில் கேள்விக்குறி போட்டிருந்தார். மூன்றிலும் அவர் சொன்னதே சரி.