மலைப்பாதையில் அவசரம் வேண்டாம்!

குழந்தை குட்டிகளுடன் காரில் ஊட்டிக்குப் போகிறீர்களா? போய் வாருங்கள். ஆனால் ஒன்று. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர்தானே என்று பறக்காதீர்கள்.

வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை 2024 மே மாதம் வந்தது. அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டு போங்கள்.

விடிந்ததும் மலை ஏறுங்கள். வளைவுகளில் சிறுவர்களுக்குத் தலை சுற்றும். அதனால், வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள். குன்னூரில் இறங்குங்கள். 1874-ல் உருவான சிம்ஸ் பூங்காவில் அவர்களை ஓடியாட விடுங்கள். பிறகு ஊட்டிக்கு ஏறலாம்.

திரும்பி இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். சிலர் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். பிரேக் சூடேறினால் பிடிக்காது. அப்புறம் வண்டி யார் சொல்லையும் கேட்காது! எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வளைவில் யாரையும் முந்தாதீர்கள்.

ஒரு மணி நேரம் தாமதமானால் மலை எங்கும் ஓடிவிடாது. போனவர்கள் அத்தனை பேரும் சிரித்தபடி வீடு திரும்ப வேண்டும். அதுதான் உல்லாசப் பயணம்!